75 வாட்டுக்குள் ஒரு வரலாறு

பழைய கணினிக்கு மலிவு விலையில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது பட்ஜெட் எவ்வளவு என்பதை. அடுத்தது, என்ன கேம் ஆடுவீர்கள் என்பதை. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்த வகைக் கார்டுகளின் முப்பதாண்டு வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒரு மலிவுக் கார்டு பழைய கணினியில் பிழைத்ததா, வீணாய்ப் போனதா என்பதை அதன் வேகம் அரிதாகவே தீர்மானித்திருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் ஸ்லாட், எஸ்எம்பிஎஸ் தரக்கூடிய மின்சாரம், பெட்டியின் மேல் அச்சடித்த பெயருக்கும் உள்ளே இருக்கும் சிப்புக்கும் உள்ள பொருத்தம் ஆகிய மூன்றுமே தீர்மானித்திருக்கின்றன. தயாரிப்பாளர்கள் இந்த மூன்றையும் மதித்துக் கார்டு செய்த காலத்தில், ஐந்தாறு வருடம் உழைத்துக் களைத்த கணினிகள் மறுபடி எழுந்து ஓடின. மதிக்காத காலத்தில் கடையிலிருந்து அன்றுதான் வந்த கார்டுகூடப் பழைய கணினியில் முடங்கியது. மலிவுக் கார்டுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. பழைய கணினிக்கு இடம் விட்டுச் செய்த வடிவமைப்புதான் அதைக் கொடுத்தது, அந்த இடத்தை விட மறுத்ததுதான் பெரும்பாலும் அதைப் பறித்தது என்பது என் வாதம்.

கதை 1996இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் சான் ஹோசேயில் இயங்கிய 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கிராஃபிக்ஸ் அந்த ஆண்டுதான் வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. அதற்கு முன் முப்பரிமாணப் படம் வரையும் தனி வன்பொருள் பெரும்பாலும் ஆர்கேட் இயந்திரங்களுக்கும் விலை உயர்ந்த பணிநிலையங்களுக்கும் உரியதாக இருந்தது. 1996இல் நினைவகச் சிப்புகளின் விலை சரிந்தது. 4 எம்பி நினைவகம் கொண்ட கார்டைச் சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் விலைக்கு விற்க முடிந்தது. வூடூவைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் வேகத்தையே சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது அது கணினியில் உட்கார்ந்த விதத்தை. வூடூவுக்குச் சாதாரண இருபரிமாணத் திரையை வரையவே தெரியாது. ஏற்கெனவே இருக்கும் பழைய கார்டு அப்படியே இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கேபிள் வூடூவுக்குள் போகும், வூடூவிலிருந்து இன்னொன்று மானிட்டருக்குப் போகும். விண்டோஸ் ஓடும்போது பழைய கார்டின் படம் அப்படியே கடந்து போகும். கேம் தொடங்கியதும் வூடூ வழியை மறித்துத் தன் படத்தை அனுப்பும். ஆர்கிட் நிறுவனம் விற்ற ரைட்டியஸ் 3டி கார்டில் இந்த மாற்றத்தைச் செய்தது ஒரு ரிலே. கேம் தொடங்கும் கணத்தில் கேபினட்டுக்குள்ளிருந்து ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். எதையும் கழற்றி எறியாமல், இருக்கும் கணினியின் மேல் ஏறி நிற்பதாகத்தான் இந்தத் தொழிலின் முதல் வெற்றி அமைந்தது. 1997 ஜனவரியில் குவேக் விளையாட்டின் ஓப்பன்ஜிஎல் வடிவம் வந்தபோது, அதே பென்டியம் கணினி முற்றிலும் வேறொரு இயந்திரம் போல ஓடியது.

வூடூ செருகப்பட்டது பிசிஐ ஸ்லாட்டில். இன்டெல் 1992இல் கொண்டுவந்த இந்த ஸ்லாட்டின் வேகம் நொடிக்கு 133 எம்பி. சவுண்டு கார்டும் நெட்வொர்க் கார்டும் அதே பாதையைப் பங்குபோட்டுக்கொண்டன. கிராஃபிக்ஸுக்கு அது போதாமல் போக, 1997இல் ஏஜிபி ஸ்லாட் மதர்போர்டுகளில் வந்தது. பழைய கணினி வைத்திருந்தவர்களுக்கு இதுதான் முதல் சோதனை. பழைய கணினி என்றில்லை, அன்றைய மலிவான புதிய கணினிக்கும் அதே கதிதான். 1999இல் வந்த இன்டெல் 810 சிப்செட்டில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருந்ததால் ஏஜிபி கார்டு போட வழியே இல்லை. பின்னால் வந்த 845ஜிஎல் சிப்செட்டிலும் இதே நிலை. விலை குறைவு என்று வாங்கிய குடும்பம் இரண்டு வருடம் கழித்துப் பையனுக்கு ஒரு கார்டு போட நினைத்தால் எஞ்சியிருந்தது பிசிஐ மட்டும். தயாரிப்பாளர்கள் இந்த மக்களைக் கைவிடவில்லை. ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200, ஜீஃபோர்ஸ் 6200 ஆகியவற்றுக்குப் பிசிஐ வடிவங்கள் வந்தன. 2012இல்கூட ஸோட்டாக் நிறுவனம் ஜீஃபோர்ஸ் ஜிடி 610 கார்டைப் பிசிஐ ஸ்லாட்டுக்கென்று தயாரித்து விற்றது. ஸ்லாட் பிறந்து 20 ஆண்டுக்குப் பிறகும் அதற்கு ஒரு புதிய கார்டு! அதில் பெரிய கேம்கள் ஓடாது என்பது உண்மை. ஆனாலும் பழைய ஸ்லாட்டுக்குச் சந்தை இருந்தது, அந்தச் சந்தைக்குப் பொருள் செய்யும் மனமும் இருந்தது.

மலிவுக் கார்டு எப்படி மலிவாகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு வழி, பெரிய சிப்பின் வடிவமைப்பைக் குறுக்கிச் சின்ன சிப் செய்வது. 2000ஆம் ஆண்டு ஜூனில் வந்த ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸ் அப்படிப்பட்டது. ஜீஃபோர்ஸ்2 ஜிடிஎஸ்ஸில் இருந்த நான்கு பிக்சல் குழாய்கள் இதில் இரண்டாகின, மெதுவான நினைவகம் போடப்பட்டது. ஆனால் முக்கோணங்களின் கணக்கைப் பிராசஸரிடமிருந்து வாங்கித் தானே செய்யும் பகுதி அப்படியே விடப்பட்டது. பழைய கணினிக்கு உயிர் கொடுத்தது அதுதான், ஏனென்றால் பழைய கணினியில் திணறுவது பிராசஸர். எதைக் குறைக்க வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்து செய்த கார்டு அது. குறைப்பதில் இன்னொரு வழி, நினைவகத்துக்குப் போகும் பாதையைப் பாதியாக்குவது. 1999இன் ரிவா டிஎன்டி2 எம்64 கார்டில் 128 பிட் பாதை 64 பிட்டானது. பெட்டியில் டிஎன்டி2 என்ற பெயர் பெரிதாக இருக்கும், எம்64 என்பது அதன் வால். அந்த வாலைப் படிக்கத் தெரியாதவர் ஏமாந்தார். மலிவுக் கார்டு வாங்குபவர் சிப்பின் பெயரைவிட நினைவகத்தின் வகையையும் அகலத்தையும் முதலில் பார்க்க வேண்டும் என்ற விதி அன்றைக்கே உருவாகிவிட்டது.

பெயர் விஷயத்தில் மிகப் பெரிய அநியாயம் 2002இல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஜீஃபோர்ஸ்3, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் சிறு நிரலால் கணக்கிடும் ஷேடர் வசதியைக் கொண்டுவந்தது. அடுத்து ஜீஃபோர்ஸ்4 என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் வந்தன. ‘டிஐ’ என்று முடிந்தவற்றில் ஷேடர் இருந்தது. மலிவான எம்எக்ஸ் வகையில் இல்லை. உள்ளே இருந்தது பெரும்பாலும் ஜீஃபோர்ஸ்2 காலத்துத் தொழில்நுட்பம். 4 என்று எண் போட்ட கார்டிடம் 3 என்று எண் போட்ட கார்டின் வசதி இல்லை. அன்றைய விளையாட்டுகளில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாததால் எம்எக்ஸ் 440 அமோகமாக விற்றது. 2003 இறுதியில் டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார் போன்ற, ஷேடர் இல்லாமல் தொடங்கவே தொடங்காத விளையாட்டுகள் வந்தபோதுதான் வாங்கியவர்களுக்கு உண்மை உறைத்தது. மெதுவாக ஓடும் கார்டில் அமைப்புகளைக் குறைத்து ஆடலாம். வசதியே இல்லாத கார்டில் ஆடவே முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மலிவுக் கார்டின் வரலாற்றில் மறுபடி மறுபடி வரும்.

அதே 2002இல் நேர் எதிரான ஒன்றும் நடந்தது. ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 அந்த ஆண்டின் உச்சக் கார்டு. சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் சிப்புகளில் சிலவற்றில் ஏதாவது ஒரு மூலையில் குறை இருக்கும். குறையுள்ள பகுதியை முடக்கிவிட்டு, மீதியை மலிவான பெயரில் விற்பது இந்தத் தொழிலின் வழக்கம். அப்படி எட்டில் நான்கு குழாய்களை முடக்கி வந்ததுதான் ரேடியான் 9500. ஆனால் தேவை அதிகம், குறையுள்ள சிப்புகள் குறைவு. ஆகவே நல்ல சிப்புகளும் முடக்கப்பட்டு விற்கப்பட்டன. 128 எம்பி 9500 கார்டுகளில் சிலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், சிப்பின் மேல்புறத்திலும் பக்கவாட்டிலுமாக நினைவகச் சில்லுகள் ட வடிவில் மடங்கி நிற்கும். 9700க்கென்று செய்த போர்டு அது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த அடையாளத்தைப் பார்த்து வாங்கியவர்கள், மாற்றியமைத்த டிரைவரைப் போட்டு மூடியிருந்த நான்கு குழாய்களையும் திறந்தார்கள். பலருக்குப் பாதி விலையில் உச்சக் கார்டு கிடைத்தது. சிலருக்குத் திரையில் சதுரங்கக் கட்டம் தெரிந்தது, அவர்களுடைய சிப்பில் குறை உண்மையாகவே இருந்தது. வேகப் பட்டியலைவிடப் போர்டைப் படிக்கத் தெரிந்தவருக்கே மலிவுச் சந்தை பலன் தந்தது.

2004இல் ஏஜிபி போய்ப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. மேல்பார்வைக்கு இது 1997இன் மறுபதிப்பு. நடந்தது வேறு. ஜீஃபோர்ஸ் கார்டுகளின் நிறுவனமான என்விடியா இரு ஸ்லாட்டுகளுக்கும் இடையே மொழிபெயர்க்கும் ஒரு சிறு பாலச் சிப்பைச் செய்திருந்தது. முதலில் அது பழைய ஏஜிபி சிப்புகளைப் புதிய ஸ்லாட்டில் ஓட்டப் பயன்பட்டது. பிறகு அதே பாலம் திருப்பிப் போடப்பட்டு, பிசிஐ எக்ஸ்பிரஸுக்கெனப் பிறந்த ஜீஃபோர்ஸ் 6600 ஜிடியை ஏஜிபி கணினிக்குக் கொண்டு சேர்த்தது. ஏடிஐயும் ரியால்டோ என்ற பெயரில் தன் பாலத்தைச் செய்தது. அதன் பலனாக 2008இல் ரேடியான் எச்டி 3850 ஏஜிபியில் வந்தது, அடுத்து எச்டி 4670ம் வந்தது. பென்டியம் 4, அத்லான் எக்ஸ்பி கணினிகளுக்கு இது கூடுதல் ஆயுள். கூடுதல் சிப்புக்குச் செலவு உண்டு, போர்டில் இடம் வேண்டும், டிரைவரில் தொல்லை வரும். இத்தனையும் தெரிந்தும் செய்தார்கள். ஸ்லாட் மாறியது என்பதற்காகக் கணினியைத் தூக்கி எறியச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கொண்டுவந்த இன்னொன்று, ஒரு எண். 16 லேன், அதாவது தரவுப் பாதைகள், கொண்ட ஸ்லாட் தன் வழியாகவே 75 வாட் வரை மின்சாரம் தரும். பழைய ஏஜிபி தந்தது ஏறக்குறைய 40 வாட். ரேடியான் 9700 ப்ரோவே ஃபிளாப்பி டிரைவுக்கான மின்கம்பியை இழுத்துச் செருகச் சொன்னது. 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுக்குத் தனிக் கம்பி தேவையில்லை. இந்த வரம்பு எவ்வளவு முக்கியம் என்பது அலுவலகக் கணினிகளைத் திறந்து பார்த்தால் புரியும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ ஆகியவற்றின் அலுவலக மாடல்களில் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 300 வாட்டுக்குள் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 முனைக் கம்பி அதில் இருக்காது. மின்இணைப்பின் வடிவமும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது, கடையில் வேறொன்று வாங்கி மாட்டிவிட முடியாது. ஐடி நிறுவனங்கள் கழித்துக்கட்டும் இத்தகைய கணினிகள்தான் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு வந்து, மாணவர்களின் முதல் கணினியாகின்றன. எனவே 75 வாட் என்பது பொறியியல் ஆவணத்தில் இருக்கும் ஓர் எண் மட்டுமல்ல, யாரால் விளையாட முடியும், யாரால் முடியாது என்று பிரித்த கோடு.

அந்தக் கோட்டுக்குள் நின்று செய்த நல்ல கார்டுகளின் வரிசை ஒன்று உண்டு. 2008 செப்டம்பரில் 79 டாலருக்கு வந்த ரேடியான் எச்டி 4670, 2012 பிப்ரவரியில் 109 டாலருக்கு வந்த எச்டி 7750, 2014 பிப்ரவரியில் 149 டாலருக்கு வந்த ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 750 டிஐ. இவை அமெரிக்க அறிமுக விலைகள், இங்கே வரியும் வியாபாரியின் பங்கும் மேலே ஏறும். மூன்றிலும் 750 டிஐ தனியாகப் பேசப்பட வேண்டியது. அதற்கு முந்தைய ஜிடிஎக்ஸ் 650 டிஐ 110 வாட் எடுத்தது, தனிக் கம்பி கேட்டது. 750 டிஐ அதைவிட வேகமாக ஓடியும் 60 வாட்டில் நின்றது. சிப் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றேதான், 28 நானோமீட்டர். சுருங்கிய டிரான்சிஸ்டரால் கிடைத்த சேமிப்பு அல்ல அது. மேக்ஸ்வெல் என்ற புதிய வடிவமைப்பில் சிப்புக்குள்ளேயே 2 எம்பி தற்காலிக நினைவகம் வைத்தார்கள், வெளி நினைவகத்துக்கு ஓடும் ஓட்டம் குறைந்தது. கணக்கிடும் அலகுகளையும் சிறு குழுக்களாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார்கள். ஒரு தலைமுறையின் முதல் சிப்பாக மேலே இருக்கும் விலை உயர்ந்ததை விடாமல் இந்தச் சின்னதை முதலில் விட்டார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஆப்டிபிளெக்ஸைத் திறந்து, ஸ்லாட்டில் செருகி, மூடியைப் போட்டால் வேலை முடிந்தது. 2016 அக்டோபரில் 139 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அதே வேலையை 4 ஜிபி நினைவகத்தோடு செய்தது. 75 வாட், 16 லேன், கம்பி வேண்டாம். பொற்காலத்தின் உச்சம் அதுதான் என்பது என் கணிப்பு.

சரிவுக்கு முதல் காரணம் வெளியிலிருந்து வந்தது. 2017இலும், பிறகு 2020 முதல் 2022 வரையிலும் கிரிப்டோ மைனிங் கார்டுகளை விழுங்கியது. 2021இல் என்விடியா ஐந்து வருடம் பழைய 1050 டிஐயை மறுபடி சந்தைக்கு அனுப்பியது, அதுவும் அறிமுக விலையைவிட உயர்ந்த விலைக்குப் போனது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டு மைனிங் சரிந்தது, உழைத்து ஓய்ந்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கொட்டின. இதனோடு போலிகளும் பெருகின. பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று சொல்லவைத்து விற்றார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018இல் இத்தகைய கார்டுகளைப் போலி என்று காட்டத் தொடங்கியது. போலி செய்தவர்கள் குற்றவாளிகள், சந்தேகமில்லை. ஆனால் அதே 2018இல் ஜிடி 1030 என்ற அதே பெயரில், ஜிடிடிஆர்5 நினைவகத்துக்குப் பதில் டிடிஆர்4 போட்ட கார்டு அதிகாரபூர்வமாகவே விற்கப்பட்டது. நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 16.8 ஜிபிக்கு விழுந்தது, பல விளையாட்டுகளில் ஓட்டம் பாதியானது. 1024 அலகுகளோடு அறிமுகமான ரேடியான் ஆர்எக்ஸ் 560இன் பெயரிலேயே 896 அலகுகள் கொண்டதும் வந்தது. எம்64க்காவது ஒரு வால் இருந்தது, இவற்றின் பெயரில் அதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 2022 ஜனவரியில் ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி 199 டாலருக்கு வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைக் கையில் வைத்துப் பார்த்தால் செருகும் விளிம்பு 16 லேனுக்குரிய முழு நீளத்தில் இருக்கும். உண்மையில் சிப்போடு இணைந்தவை 4 லேன் மட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 கொண்ட புதிய மதர்போர்டில் நான்கு லேன் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கொடுக்கும். 3.0 போர்டில் அது 4 ஜிபி. 2011 காலத்து 2.0 போர்டில் 2 ஜிபி. இந்தக் கடைசி எண், 2002இல் வரையறுக்கப்பட்ட ஏஜிபி 8எக்ஸ் தந்த 2.1 ஜிபியைவிடக் குறைவு. கார்டின் நினைவகம் 4 ஜிபிதான். விளையாட்டின் படங்கள் அதில் அடங்காதபோது கணினியின் ராமிலிருந்து இந்த ஒடுங்கிய பாதை வழியாகத்தான் வந்து போக வேண்டும். ஆகவே புதிய கணினியில் ஓரளவு ஓடும் கார்டு, யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களுடைய பழைய கணினியில் திக்கித் திணறியது. அதுபோக அது தனி மின்கம்பியும் கேட்டது. கம்பி கேட்காத தம்பியான ஆர்எக்ஸ் 6400க்கும் அதே நான்கு லேன்தான். இன்றைய விளையாட்டுகளுக்கு 4 ஜிபி போதாது என்று 2020இல் தன் வலைத்தளத்தில் எழுதியதும் இதே நிறுவனம்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வலுவானது: மலிவுக் கார்டைக் கொன்றது யாருடைய அலட்சியமும் அல்ல, பிராசஸருக்குள்ளேயே வந்துவிட்ட கிராஃபிக்ஸ்தான். 2018இல் 99 டாலருக்கு வந்த ரைசன் 3 2200ஜி, ஜிடி 1030 அளவுக்கு ஓடியது. புதிய கணினி வாங்குபவருக்கு 100 டாலர் கார்டு தேவைப்படாமல் போனால் அந்தக் கார்டின் விற்பனை எண்ணிக்கை விழும், எண்ணிக்கை விழுந்தால் செய்து விற்பது கட்டுப்படியாகாது. இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 80 டாலர் கார்டு மறைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆனால் ரைசனுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் 2012இன் ஆப்டிபிளெக்ஸுக்கு எந்த உதவியும் செய்யாது. அதைப் பெற மதர்போர்டு, ராம், பிராசஸர் மூன்றையும் மாற்ற வேண்டும், அதாவது கணினியையே மாற்ற வேண்டும். உள்கிராஃபிக்ஸ் புதிய கணினியின் தேவையைத் தீர்த்தது, பழைய கணினியின் தேவை அப்படியே இருக்கிறது. ஸ்டீம் தளத்தின் வன்பொருள் கணக்கெடுப்பில் 2022 இறுதியில் முதலிடத்துக்கு வந்தது, 2019இல் 149 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1650. ஸ்டீமில் கேம் ஆடுபவர்களிடையே அதிகம் பேரிடம் இருந்த கார்டு ஒரு 75 வாட் கார்டு என்றால், சந்தை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வாதம் செலவைப் பற்றியது. சிப் செய்யும் செலவு ஏறிவிட்டது, நினைவகமும் போர்டும் கப்பல் கூலியும் சிப் சின்னதானாலும் குறைவதில்லை, ஆகவே லேன்களை வெட்டுவது நியாயமான சிக்கனம் என்பார்கள். சின்ன சிப்பில் இணைப்புகளுக்கான இடம் விலை உயர்ந்தது என்பது உண்மை. 6500 எக்ஸ்டியின் சிப் 107 சதுர மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தச் சிப் புதிய மடிக்கணினிகளுக்கென்று வரையப்பட்டது, அங்கே 4.0 பாதை உறுதியாக இருக்கும். அதே சிப்பை எடுத்து மேசைக் கணினிக் கார்டாக விற்றபோதுதான் பிழை நேர்ந்தது. பழைய கணினிக்காரர் அந்த வடிவமைப்பு மேசையில் நினைக்கப்படவே இல்லை. 2004இன் பொறியாளர்கள் கூடுதலாக ஒரு பாலச் சிப்பையே போர்டில் ஏற்றிச் செலவைத் தாங்கினார்கள் என்பதோடு ஒப்பிட்டால், இங்கே குறைந்தது அக்கறை.

மூன்றாவதாக, பழைய பிராசஸரே இழுக்காதபோது கார்டு எதற்கு, காசைச் சேர்த்துப் புதிய கணினி வாங்கலாமே என்ற அறிவுரை. வசதியுள்ளவருக்கு அது சரி. ஆனால் விளையாடப்படும் விளையாட்டுகளில் பெரும்பகுதி புதியவை அல்ல. கவுன்டர் ஸ்டிரைக், டோட்டா 2, ஜிடிஏ 5, மைன்கிராஃப்ட் என்று பத்து வருடத்துக்கு மேல் உயிரோடிருக்கும் பெயர்கள்தான் மாணவர்களின் கணினியில் அதிகம். நான்கு கோர் கொண்ட பழைய ஐ5 பிராசஸருக்கு ஓரளவான கார்டு கிடைத்தால் இவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே ஓடுகின்றன. பெரிய கார்டு போட்டால்தான் பிராசஸர் தடையாகிக் கொடுத்த காசு வீணாகும். அதனால் இந்த வாதம் பழைய கணினிக்கு விலை உயர்ந்த கார்டு வேண்டாம் என்பதை நிரூபிக்கிறதே தவிர, கார்டே வேண்டாம் என்பதை நிரூபிக்கவில்லை.

2002இன் பாடம் இப்போது திரும்பியிருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடுவதில்லை. ஜிடிஎக்ஸ் 1650 எவ்வளவு நல்ல கார்டானாலும் அந்த வாசலில் ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. இன்டெலின் ஆர்க் ஏ380 6 ஜிபி நினைவகத்தோடு, ரே டிரேசிங்கோடு, ஏறக்குறைய 75 வாட்டில் வந்தும் பழைய கணினிக்கு உதவாது. ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அதன் வேகம் சரிகிறது, பத்தாம் தலைமுறைக்கு முந்தைய தன் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்டெலே அதைப் பரிந்துரைக்கவில்லை. மீதி இருப்பது 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம். 70 வாட், தனிக் கம்பி வேண்டாம், 8 லேன், ரே டிரேசிங் உண்டு. 8 ஜிபி 3050இல் 2560 அலகுகள், இதில் 2304. பெயர் மட்டும் ஒன்றே, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. குறை இருந்தும் இன்று புதிதாகக் கிடைப்பவற்றில் பழைய கணினியை நினைத்துச் செய்ததாகச் சொல்லத்தக்க கார்டு அதுதான். புதிய விளையாட்டுகள் ஆட வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். பழைய விளையாட்டுகள் போதுமென்றால் ஜிபியு-இசட் போட்டுச் சோதித்த செகண்ட் ஹேண்ட் 1650 போதும். 1050 டிஐயும் ஓடும், ஆனால் அதற்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. எதை வாங்கினாலும் கடைக்குப் போகும் முன் கேபினட்டின் மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் லேபிளையும், அதிலிருந்து 6 முனைக் கம்பி வருகிறதா என்பதையும், ஸ்லாட் எந்தத் தலைமுறை என்பதையும், அரை உயரக் கார்டு மட்டுமே நுழையும் கேபினட்டா என்பதையும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கணினி என்றால், தயாரிப்பாளரின் தளத்தில் கடைசி பயாஸ் அப்டேட்டையும் போட்டுவிட்டுப் போங்கள்.